தீவில் இளையோருக்கான கோடைக் கடல் அறிவியல் முகாம்: திட்டமிடுவது முதல் திரும்புவது வரை

பதின்வயதுப் பிள்ளைகளை ஒரு வாரம் தீவுக்கு அழைத்துப்போய்க் கடலைக் கற்றுக்கொடுக்க நினைக்கும் ஆசிரியர்கள், இயற்கை மன்றத்தினர், இளையோர் அமைப்பினர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். படகு பிடிப்பதும் தங்குமிடம் பார்ப்பதும் எப்படியும் நடந்துவிடும். பிள்ளைகள் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புகிறார்களா, அல்லது தாங்களே ஒரு கேள்வி கேட்டு, அதற்காக அளந்து, எண்ணி, ஒரு விடையோடு திரும்புகிறார்களா என்பதில்தான் முகாமின் தரம் இருக்கிறது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த விடையை நோக்கித்தான் போகின்றன.

இந்த யோசனைக்கு வயது அதிகம். 1873 கோடையில் லூயி அகாசி என்ற விலங்கியலாளர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் உள்ள பெனிகீஸ் என்ற சிறு தீவில் ஒரு கோடைப் பள்ளி தொடங்கினார். ஏறக்குறைய 50 பேர் சேர்ந்தார்கள். பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள், பெண்களும் உண்டு. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உயிரினத்தை நேரே பார்த்துப் படிப்பதுதான் அங்கே பாடம். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அகாசி இறந்துபோனார். அடுத்த கோடையோடு பள்ளியும் நின்றுவிட்டது. ஆனால் அங்கே படித்த சார்லஸ் விட்மன்தான் 1888-இல் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். இரண்டே கோடை நடந்த தீவு முகாமிலிருந்து இவ்வளவு வந்திருக்கிறது.

படி 1: முதலில் கேள்வி, அப்புறம்தான் தீவு

பலரும் அழகான தீவைப் பிடித்துவிட்டு, அங்கே என்ன செய்யலாம் என்று பிறகு யோசிப்பார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். முகாமுக்கு ஒரு மையக் கேள்வி வையுங்கள். "பாறையில் மேலிருந்து கீழே போகப் போக உயிரினங்கள் ஏன் மாறுகின்றன?", "பகலில் ஒரு வலை இழுத்தால் வருவதும் இரவில் வருவதும் ஒன்றா?", "இந்த மணலில் எவ்வளவு பிளாஸ்டிக் கலந்திருக்கிறது?" போன்ற கேள்விகள் போதும். ஒரு வாரத்தில் பிள்ளைகள் கையால் அளந்து விடை காணக்கூடியதாக இருக்க வேண்டும். கடல் வெப்பமயமாதல் போன்ற பெரிய தலைப்பை மையமாக வைத்தால் வகுப்பறைப் பேச்சோடு நின்றுவிடும்.

ஆள் எண்ணிக்கையை 18 பிள்ளைகள், 6 பெரியவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் கொண்ட ஆறு குழுக்கள் கிடைக்கும். ஒருவர் எண்ண வேண்டிய இடத்தில் சதுரச் சட்டத்தை (படி 5-இல் வரும் குழாய்ச் சதுரம்) வைக்க, ஒருவர் எண்ணிச் சொல்ல, ஒருவர் எழுத என்று பாறையில் எல்லோருக்கும் வேலை இருக்கும். நான்கு பேர் ஆனால் ஒருவர் சும்மா நிற்பார். வயது 13 முதல் 17 வரை இருக்கலாம். ஒரே வயதுக்காரர்களாகப் பிரிக்காமல் கலந்து போடுங்கள். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு விளக்கும்போது இருவருமே கற்றுக்கொள்கிறார்கள்.

படி 2: தீவைத் தேர்ந்தெடுப்பது

வரைபடத்தையும் புகைப்படத்தையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முகாமுக்கு முன்பே, நீர் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில் நீங்களே போய் நடந்து பாருங்கள். தங்குமிடத்திலிருந்து 15 நிமிட நடையில் குறைந்தது இரண்டு விதமான கரை இருக்க வேண்டும். பாறைக் கரையும் மணல் கரையும் கிடைத்தால் நல்லது, கடற்புல் திட்டோ சதுப்புக் கரையோ சேர்ந்தால் இன்னும் நல்லது. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு இடம் இருந்தால்தான் கேள்வியே பிறக்கும்.

குடிநீரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெயில் காலத்தில் குடிக்க மட்டும் ஒருவருக்கு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால், 24 பேருக்கு 7 நாளைக்கு 672 லிட்டர். சமைக்கவும் கழுவவும் தனி. தீவில் ஊற்றோ குழாயோ இல்லையென்றால் இவ்வளவும் படகில் வர வேண்டும். காற்று வலுத்துப் படகு வராமல் போனால் சமாளிக்க இரண்டு நாள் நீரைக் கூடுதலாக வையுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கழிப்பறை, நிழல், மின்சாரம், தொலைபேசி சிக்னல் எங்கே கிடைக்கிறது என்பது, மருத்துவமனைக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம் என்பது, இவை எல்லாவற்றையும் குறித்து வாருங்கள். பல தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் பாதுகாக்கப்பட்ட பகுதிகள். இறங்குவதற்கு ஓர் அனுமதி, மாதிரி எடுப்பதற்கு வேறோர் அனுமதி என்று இருக்கலாம். எழுத்தில் வாங்காமல் ஒரு சிப்பியைக்கூட எடுக்கக் கூடாது.

தீவைச் சுற்றி மீன் பிடிக்கிறவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்தத் திசைக் காற்றுக்கு எந்தத் துறை பாதுகாப்பு, எந்தப் பாறையில் திடீரென்று அலை ஏறும், எந்த மாதத்தில் ஜெல்லி மீன் கூட்டமாக வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களில் ஒருவரை முகாமுக்கு ஆசிரியராகவே அழையுங்கள், அதற்கான ஊதியமும் கொடுங்கள்.

படி 3: தேதியைக் கடல்தான் குறிக்கும்

பள்ளி விடுமுறைக்குள் எந்த வாரம் என்பதை, கடல்நீர் ஏறி வற்றும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முகாம் முழுக்க இதைச் சார்ந்தே நடக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உலகின் பெரும்பாலான கரைகளில் ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறி இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் இன்றைய வற்றம் நாளைக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். முதல் நாள் காலை 6:10-க்கு வற்றினால், ஏழாம் நாள் அதே வற்றம் 11:10 வாக்கில் இருக்கும். அதாவது "தினமும் காலை 8 மணிக்குப் பாறை ஆய்வு" என்று அட்டவணை போட்டால் பாதி நாட்கள் பாறை நீருக்குள் இருக்கும். சாப்பாட்டு நேரம், தூங்கும் நேரம் எல்லாவற்றையும் வற்றத்தை ஒட்டி நகர்த்துங்கள். விடியற்காலை 5 மணிக்கு எழுப்பினால் மதியம் தூங்கவிடுங்கள்.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாள் பின்னால் நீர் மிக அதிகமாக ஏறி மிகக் கீழே வற்றும். அரைநிலா நாட்களில் வித்தியாசம் குறைவு. ஆகவே அமாவாசையிலோ பௌர்ணமியிலோ முகாமைத் தொடங்கினால் முதல் நான்கு நாட்கள் ஆழமான வற்றம் கிடைக்கும். நான் அமாவாசையைத்தான் சொல்வேன். இருட்டில் இரவு வலை நன்றாக வேலை செய்யும், கடல் ஒளிர்ந்தால் கண்ணுக்குத் தெரியும், விண்மீனும் தெரியும். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஓர் இடத்தில் பெருவற்றம் எப்போதும் கடிகாரத்தில் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் வரும். சில கரைகளில் அது விடியற்காலை, சில கரைகளில் நடுவெயில். நடுவெயில் கரை என்றால் நிழலுக்கும் நீருக்கும் இரட்டிப்பு ஏற்பாடு வேண்டும்.

மத்தியதரைக் கடல் போன்ற இடங்களில் ஏற்றவற்றம் மிகக் குறைவு. வேறு சில கரைகளில் நாளைக்கு ஒரே ஏற்றம், ஒரே வற்றம். அங்கெல்லாம் பாறையில் உயிரினங்கள் அடுக்கடுக்காக இருப்பதை எண்ணும் பாறைப் பட்டை ஆய்வைக் குறைத்து, முகமூடி போட்டு நீந்திப் பார்ப்பதற்கும், நீரோட்டத்தோடு மிதந்து திரியும் சிற்றுயிர்களான மிதவை உயிரிகளுக்கும் நேரத்தைத் திருப்புங்கள்.

நீர் ஒரே வேகத்தில் ஏறாது என்பதைப் பிள்ளைகள் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 பங்கு என்று ஏறும். மொத்தம் 2.4 மீட்டர் ஏறும் கரை என்றால் முதல் மணியில் 20 செ.மீ., அடுத்து 40, அடுத்த இரண்டு மணியிலும் 60, 60, பிறகு 40, 20. முதல் மணியில் கால் நனையாததைப் பார்த்து "இன்னும் நேரம் இருக்கிறது" என்று நினைப்பவர்கள்தான் மூன்றாம் மணியில் மாட்டிக்கொள்கிறார்கள். இது தோராயக் கணக்குதான், ஆனாலும் மனதில் நிற்கும். குச்சி ஒன்றை நட்டு, அரைமணிக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறித்து, வரைபடம் போடச் சொல்லுங்கள். முகாமின் முதல் அளவீடாக அதுவே இருக்கட்டும்.

படி 4: பாதுகாப்பு

இதில் பேரம் கிடையாது. பெற்றோரிடம் எழுத்துப்பூர்வ ஒப்புதல், ஒவ்வாமை, ஆஸ்துமா, எடுத்துக்கொள்ளும் மருந்து ஆகிய விவரங்கள் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். வருகிற பெரியவர்கள் எல்லோருடைய பின்னணியையும் விசாரித்திருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய இடத்தில் தனியாக இருக்கக் கூடாது. இந்த விதியைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை.

முதல் நாளே ஆழம் குறைந்த, அமைதியான இடத்தில் நீச்சல் பரிசோதனை. "எனக்கு நீந்தத் தெரியும்" என்ற பேச்சை நம்பாதீர்கள். குளத்தில் நீந்துவது வேறு, அலையில் நீந்துவது வேறு. நீந்தத் தெரியாத பிள்ளையை ஒதுக்கவும் கூடாது. முழங்கால் ஆழத்துக்குள் செய்யக்கூடிய அறிவியலே ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிறது. படகில் எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி, நீந்தத் தெரிந்தவருக்கும் சேர்த்து. நீருக்குள் இறங்கும்போது நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், கரையில் ஆறு பேருக்கு ஒருவர். எல்லோருக்கும் ஒரு ஜோடி உண்டு. விசில் அடித்ததும் ஜோடி கைகோத்து நிற்க வேண்டும், தலை எண்ண வேண்டும்.

பாறையில் இருக்கும்போது ஒரு பெரியவரின் வேலை கடலைப் பார்ப்பது மட்டுமே. அவர் குனிந்து நண்டைப் பார்க்கக் கூடாது. வற்றம் முடிந்து ஒரு மணி நேரத்தில் எல்லோரும் பாறையை விட்டு ஏறிவிட வேண்டும், எவ்வளவு சுவாரசியமான பிராணி கிடைத்தாலும். இடி கேட்டால் உடனே நீரையும் திறந்த வெளியையும் விட்டுப் போய்விடுங்கள். கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்தே திரும்புங்கள்.

கடி, கொட்டு விஷயத்தில் உங்கள் கடலில் என்ன இருக்கிறது என்று அருகிலுள்ள மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். ஜெல்லி மீன் கொட்டுக்கு ஒரே மருந்து எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பெட்டி ஜெல்லி மீனுக்கு வினிகர் ஊற்றுவது சரி, வேறு சில வகைகளுக்கு அது உதவாது. மணலால் தேய்ப்பதும் நல்ல தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. கல்மீன் போன்ற முள் மீன்கள் குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாத வெந்நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைப்பது வலியைக் குறைக்கும். மருத்துவமனைக்கும் கொண்டுபோக வேண்டும். வெப்பமண்டலக் கடல்களில் கூம்பு வடிவச் சங்குகளையும் நீல வளைய ஆக்டோபஸையும் தொடவே கூடாது. அவற்றின் நஞ்சு ஆளைக் கொல்லும். "தெரியாததைத் தொடாதே" என்பதை நாள்தோறும் சொல்லுங்கள்.

வெயிலுக்கு முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும்தான் முதல் காவல். சன்ஸ்கிரீன் அதற்கு அடுத்தது. ஆக்ஸிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீனைப் பவளத்துக்குக் கேடு என்று பலாவ் 2020 முதலும் ஹவாய் 2021 முதலும் விற்பனையில் தடை செய்திருக்கின்றன. துத்தநாக ஆக்சைடு அடிப்படையிலானதை வாங்கச் சொல்லுங்கள்.

படி 5: கருவிகள், முடிந்தவரை கையால் செய்தவை

விலை உயர்ந்த கருவி இருந்தால்தான் அறிவியல் என்ற எண்ணத்தை விடுங்கள். பிள்ளை தானே செய்த கருவியை நன்றாகப் புரிந்துகொள்கிறது, கவனமாகவும் பயன்படுத்துகிறது. முகாமுக்கு முந்தைய மாதத்தில் ஒரு நாள் எல்லோரும் கூடி இவற்றைச் செய்துவிடலாம்.

முதலாவது சதுரச் சட்டம். பி.வி.சி. குழாயில் உள்ளளவு 50 செ.மீ. வரும்படி சதுரம் செய்து, 10 செ.மீ.க்கு ஒரு கயிறு குறுக்கும் நெடுக்கும் கட்டுங்கள். 25 சின்னக் கட்டங்கள் கிடைக்கும், ஒவ்வொன்றும் பரப்பில் 4 சதவீதம். கடற்பாசி எத்தனை கட்டத்தை மூடியிருக்கிறது என்று எண்ணி நான்கால் பெருக்கினால் பரப்பு வந்துவிடும். குழாயில் துளை போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் நீரில் மிதக்கும்.

இரண்டாவது செக்கி வட்டு. 1865-இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியலாளரும்கூட, போப்பாண்டவரின் கப்பலிலிருந்து வட்டுகளை மத்தியதரைக் கடலில் இறக்கி நீர் எவ்வளவு தெளிவு என்று அளந்தார். இன்றும் அதே முறைதான். 30 செ.மீ. வெள்ளை வட்டின் நடுவில் எடை கட்டி, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் இறக்குங்கள். வட்டு மறையும் ஆழம், மேலே இழுக்கும்போது மீண்டும் தெரியும் ஆழம், இரண்டின் சராசரியை எழுதுங்கள். படகின் நிழல் பக்கத்தில், நடுப்பகலை ஒட்டி அளக்க வேண்டும், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு.

மூன்றாவது மிதவை உயிரி வலை. 30 செ.மீ. கம்பி வளையத்தில் கூம்பாக வலைத்துணியைத் தைத்து, நுனியில் ஒரு சின்னப் பாட்டிலைக் கட்டுங்கள். 200 மைக்ரான் (0.2 மி.மீ.) கண்ணுள்ள துணியில், இறாலுக்கு உறவான மிகச் சின்னப் பிராணிகளான கோப்பிபாடுகளும் நண்டு இளவுயிரிகளும் மாட்டும். 20 மைக்ரான் துணி கிடைத்தால் டயாட்டம் போன்ற தாவர மிதவைகளும் கிடைக்கும். இரண்டும் இல்லையென்றால் நைலான் காலுறையே போதும், பெரியவை மட்டும் வரும். நடைவேகத்துக்கும் குறைவாக இழுங்கள், வேகம் கூடினால் நீர் வலைக்குள் போகாமல் விலகிவிடும். 100 மீட்டர் இழுத்தால் வலை வழியாக ஏறக்குறைய 7 கன மீட்டர், அதாவது 7,000 லிட்டர் நீர் போயிருக்கும். இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். வட்டத்தின் பரப்புச் சூத்திரம் எதற்கு என்று அன்றைக்குத்தான் பலருக்குப் புரியும்.

வாங்க வேண்டியவை: 40, 100 மடங்கு பெரிதாக்கும் இரண்டு மைக்ரோஸ்கோப்புகள், மூன்று குழுவுக்கு ஒன்று என ரிஃப்ராக்டோமீட்டர் (உப்பு அளக்க), தெர்மாமீட்டர், 30 மீட்டர் அளவு நாடா, வெள்ளைத் தட்டுகள், 1 மி.மீ., 5 மி.மீ. சல்லடைகள், கைலென்ஸ், சிவப்பு வெளிச்ச டார்ச். எழுத பென்சில், நனையாத தாள். பேனா கடலில் உதவாது. பாறைக்கு வழுக்காத, விரல் மூடிய காலணி. செருப்போடு யாரையும் பாறையில் ஏறவிடாதீர்கள்.

படி 6: ஏழு நாளை எப்படிப் பிரிப்பது

முதல் நாளில் எதையும் எண்ண வேண்டாம். விதிகள், நீச்சல், நீர்மட்டக் குச்சி. அப்புறம் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பாறைக்குளத்தின் அருகே 20 நிமிடம் தனியாக உட்கார்ந்து, ஒன்றையும் தொடாமல், பார்த்ததை வரைய வேண்டும். முதல் ஐந்து நிமிடம் "ஒன்றுமே இல்லை" என்பார்கள். நிழல் அசையாமல் இருந்தால் ஒளிந்திருந்தவை வெளியே வரும். சங்கு ஒன்று நடக்கத் தொடங்கும், அதற்குள் துறவி நண்டு இருக்கும். கடைசியில் ஆளுக்கு மூன்று கேள்வி எழுதி வாங்குங்கள். இந்தக் கேள்விகள் பத்திரம், ஆறாம் நாளுக்கு வேண்டும்.

இரண்டாம் நாள் பாறைப் பட்டைகள். மேலிருந்து நீர் விளிம்பு வரை நாடாவை நேராகப் போட்டு, இரண்டு மீட்டருக்கு ஒரு சட்டம் வைத்து எண்ணுங்கள். மேலே சின்ன நத்தைகள், நடுவில் பார்னக்கிள் என்கிற கொட்டலசு, கீழே சிப்பியும் கடற்பாசியும் என்று அடுக்கு அடுக்காகத் தெரியும். ஏன் இப்படி என்று கேளுங்கள். எல்லோரும் "காய்ந்துபோகும், அதனால்" என்பார்கள். பாதி விடை அது. மீதிப் பாதிக்கு ஜோசப் கானலின் கதையைச் சொல்லுங்கள். அவர் ஸ்காட்லாந்தின் கம்ப்ரே தீவில் இரண்டு வகைக் கொட்டலசுகளை ஆராய்ந்து 1961-இல் முடிவை வெளியிட்டார். ஒன்று பாறையின் மேல்பகுதியில், மற்றது கீழே. கீழே இருந்ததை அகற்றியபோது மேலே இருந்த வகை கீழேயும் நன்றாக வளர்ந்தது. அதாவது அதற்குக் கீழே வாழ முடியாமல் இல்லை, வேகமாக வளரும் மற்ற வகை அதை நெருக்கிப் பெயர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது. மேல் எல்லையை வெயிலும், கீழ் எல்லையைப் பக்கத்துவீட்டுக்காரரும் தீர்மானிக்கிறார்கள். இந்தக் கதையைச் சாப்பாட்டுக்கூடத்தில் சொல்லாதீர்கள், கொட்டலசு இருக்கும் பாறையில் நின்று சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் அதே ஆய்வை இன்னொரு கரையில், அலை அதிகமாக மோதும் பக்கத்தில். காற்றும் அலையும் இடம் கொடுத்தால் மட்டும்.

அன்று மதியத்துக்கு ஒரு சிறு சோதனை. அனுமதி இருந்தால், கொட்டலசு ஒட்டிய ஒரு சின்னக் கல்லைக் கடல்நீர் நிரம்பிய வெள்ளைத் தட்டில் வையுங்கள். சில நிமிடம் தட்டை அசைக்காமல் காத்திருக்க வேண்டும். உச்சியில் இருக்கும் மூடி இரண்டாகப் பிளக்கும். உள்ளிருந்து இறகு போன்ற கால்கள் விரிந்து, நீரை வாரிச் சுருட்டிக்கொண்டு உள்ளே போகும், மறுபடி வரும். நண்டுக்கும் இறாலுக்கும் உறவான பிராணி இது. தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு காலால் சாப்பிடுகிறது. கல் என்று நினைத்து மிதித்துக்கொண்டிருந்ததைப் பிள்ளைகள் கண்ணெதிரே பார்த்த பிறகு பாறையில் கால் வைக்கும் விதமே மாறிவிடும். நிமிடத்துக்கு எத்தனை முறை வீசுகிறது என்று எண்ணுங்கள். நீரைக் கொஞ்சம் குளிர்வித்து மறுபடி எண்ணுங்கள். வெப்பநிலைக்கும் வேகத்துக்கும் வரைபடம் போட்டுவிட்டு, கல்லை எடுத்த இடத்திலேயே, முன்பு மேலே இருந்த பக்கமே மேலே இருக்கும்படி வையுங்கள்.

நான்காம் நாள் மிதவை உயிரிகள். நண்பகலில் ஒருமுறை, இருட்டிய பின் அதே இடத்தில், அதே தூரம் ஒருமுறை வலையை இழுங்கள். பல விலங்கு மிதவைகள் பகலில் ஆழத்தில் இருந்து, இரவில் மேலே வருகின்றன. எவ்வளவு வித்தியாசம் என்று உங்கள் எண்ணே சொல்லும். பாட்டில் நீர் முதலில் கலங்கலாகத்தான் தெரியும். ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், வெட்டி வெட்டிப் பாயும் கோப்பிபாடு, முதுகில் நீண்ட முள்ளோடு நண்டின் இளவுயிரி, கண்ணாடிச் சங்கிலி போன்ற டயாட்டம் என்று வரும். ஒவ்வொருவருக்கும் தாராளமாக நேரம் கொடுங்கள், அவசரப்படுத்தினால் இந்த நாளே வீண். இரவில் நீரைக் கையால் அளையும்போது நீல ஒளி தெரிந்தால், அசைவினால் ஒளிரும் ஒரு செல் உயிரிகள் இருக்கின்றன என்று பொருள். எல்லா இரவும் தெரியாது, முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஐந்தாம் நாள் மணலும் நீரோட்டமும். ஏற்றக் கோட்டில் சட்டம் வைத்து மேல் மணலை அள்ளிச் சலியுங்கள். 5 மி.மீ.க்கு மேல் உள்ள பிளாஸ்டிக்கைத் தனியாகவும், 1 முதல் 5 மி.மீ. வரை உள்ளதைத் தனியாகவும் எண்ணுங்கள். நன்றாக உப்புக் கரைத்த நீரில் மணலைக் கலக்கினால் பாலித்தீன், பாலிப்ரொப்பிலீன், தெர்மோகோல் துண்டுகள் மேலே மிதக்கும். பி.வி.சி. போன்றவை தங்கிவிடும், அதையும் அறிக்கையில் எழுத வேண்டும். நீரோட்டத்துக்குத் தோலோடு ஓர் ஆரஞ்சுப் பழம் போதும். அது பெரும்பகுதி மூழ்கி மிதப்பதால் காற்று அதிகம் தள்ளாது. 20 மீட்டர் போக 50 விநாடி என்றால் விநாடிக்கு 0.4 மீட்டர். பழத்தைப் படகில் உள்ளவர் திரும்ப எடுக்கட்டும், பிள்ளைகள் நீந்தித் துரத்த வேண்டாம்.

ஆறாம் நாள் முழுக்கக் குழுக்களுடையது. முதல் நாள் எழுதிய கேள்விகளிலிருந்து ஒன்றை எடுத்து, எப்படி அளப்பது என்று அவர்களே தீர்மானித்துச் செய்ய வேண்டும். நீங்கள் தலையிடாமல் இருப்பதுதான் அன்று கடினமான வேலை. மோசமான திட்டம் என்று தெரிந்தாலும், ஆபத்து இல்லாதவரை விடுங்கள். மாலையில் அவர்களே "நிழலில் இருந்ததையும் வெயிலில் இருந்ததையும் சேர்த்து எண்ணிவிட்டோம்" என்று கண்டுபிடித்துச் சொன்னால், நீங்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தால் கிடைக்காத பாடம் அது.

ஏழாம் நாள், கண்டதைச் சொல்வது. மழையோ காற்றோ ஒரு நாளைத் தின்றுவிட்டால் மூன்றாம் நாளை விட்டுவிடுங்கள், ஆறாம் நாளைத் தொடாதீர்கள்.

படி 7: எண்களைக் காப்பது

முகாம்களில் அதிகம் கவனிக்கப்படாத பகுதி இது. என்னைக் கேட்டால் மிக முக்கியமானதும் இதுதான். ஒவ்வொரு தாளிலும் தேதி, நேரம், வற்றத்தின் நேரம், இடம், எண்ணியவர், எழுதியவர், வானிலை இருக்க வேண்டும். எதுவும் இல்லாத சட்டத்துக்கு 0 என்று எழுத வேண்டும். வெற்றிடமாக விட்டால் எண்ணவில்லையா, இல்லவே இல்லையா என்று பிறகு தெரியாது. பத்துச் சட்டத்தில் இரண்டை இன்னொரு குழு மறுபடி எண்ணட்டும். இரண்டு எண்ணும் வித்தியாசப்பட்டால் அழிக்காமல் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வித்தியாசம்தான் உங்கள் அளவீட்டை எவ்வளவு நம்பலாம் என்று காட்டுகிறது. அன்றைய எண்களை அன்று இரவே கணினியில் ஏற்றி, தாளைப் படம் எடுத்துவிடுங்கள்.

பெயர் தெரியாத உயிரினத்துக்கு ஊகித்துப் பெயர் எழுதாதீர்கள். "பழுப்புப் பாசி, வகை 2" என்று எழுதிப் படம் எடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படத்தை ஏற்றினால், தெரிந்தவர்கள் பெயர் கண்டுபிடிக்க உதவுவார்கள். பிள்ளைகளின் முகமோ பெயரோ அதில் வர வேண்டாம்.

ஒரு வாரத் தரவு ஒரு படம்தான். அதே பாறையில், அதே மாதத்தில், அதே முறையில் அடுத்த ஆண்டும் எண்ணினால்தான் மாற்றம் தெரியும். அதற்கு நாடா எங்கே தொடங்கியது, எந்தத் திசையில் போனது என்பதை ஜி.பி.எஸ். எண்ணோடும், பின்னணியில் அசையாத அடையாளம் தெரியும் நான்கு படங்களோடும் பதிந்து வையுங்கள். அனுமதி இல்லாமல் பாறையில் துளையிடவோ வண்ணம் பூசவோ கூடாது.

படி 8: மாலைகளும், கிளம்பும் நாளும்

மாலையை நிகழ்ச்சிகளால் நிரப்பாதீர்கள். களைத்த பிள்ளைகளுக்குச் சும்மா இருக்க நேரம் வேண்டும். கைபேசியை முழுக்கப் பிடுங்குவதைவிட, சாப்பாட்டுக்குப் பின் அரைமணி கொடுப்பது நல்லது. வீட்டு ஏக்கம் பெரும்பாலும் இரண்டாம் இரவு வரும். கேலி செய்யாமல் கேளுங்கள், மறுநாள் காலை அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பான ஒரு வேலை கொடுங்கள்.

கிளம்பும் முன் தட்டில் இருக்கும் எல்லா உயிர்களும் எடுத்த இடத்துக்கே திரும்ப வேண்டும். புரட்டிய கல்லைப் பழையபடி வைத்தோமா என்று கடைசியாக ஒருமுறை நடந்து பாருங்கள். கல்லுக்கு அடியில் வாழ்ந்ததை வெயிலில் விட்டு வந்தால் அது செத்துவிடும். சிப்பி ஓடுகளையும் சங்குகளையும் நினைவுப் பொருளாக எடுக்கவிடாதீர்கள், காலிச் சங்குதான் துறவி நண்டின் அடுத்த வீடு. குப்பை முழுவதும் படகில் திரும்பட்டும்.

ஏழாம் நாள் பேச்சுக்குத் தீவில் இருப்பவர்களையும் மீன் பிடிக்கிறவர்களையும் அழையுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் கூர்மையாக இருக்கும். பிள்ளைகள் பதில் தெரியாமல் விழித்தாலும் நீங்கள் குறுக்கே புகுந்து காப்பாற்ற வேண்டாம். பிறகு இரண்டு வாரத்துக்குள் நான்கு பக்கத்தில் ஓர் அறிக்கை: என்ன கேட்டோம், எங்கே எப்படி அளந்தோம், என்ன கிடைத்தது, எதில் சந்தேகம் இருக்கிறது. ஒரு பிரதி அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு, ஒன்று தீவுக்கு, ஒன்று ஒவ்வொரு பிள்ளைக்கும். மூலத் தாள்கள், கோப்பு, அந்த நான்கு படங்கள் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு, மேலே அடுத்த கோடையின் அமாவாசைத் தேதிகளை எழுதி, அடுத்த முகாமை நடத்தப்போகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.